வெளிச்சத்துக்கு முறை வைத்த கதை

அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். மானாமதுரை–விருதுநகர் மீட்டர் கேஜ் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷன். ஒற்றை லைன் என்பதால் எதிரும் புதிருமாக இரண்டு வண்டியை விட்டுவிடக் கூடாது. அதற்காக ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் நீல்ஸ் டோக்கன் கருவி என்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அடுத்த ஸ்டேஷனில் அதன் ஜோடி. இரண்டுக்கும் நடுவே கம்பி. இரண்டு பக்கத்து மாஸ்டர்களும் மணியடித்து ஒத்துக்கொண்டால்தான் பெட்டியிலிருந்து ஓர் இரும்பு உருண்டை வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியுமே இன்னொன்றைத் தராது. அந்த உருண்டையைத் தோல்பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி, பிளாட்பாரத்தின் முனையில் தூக்கிப் பிடித்தபடி நிற்பார் அப்பா. நிற்காத வண்டி என்றால் டிரைவர் பழைய வளையத்தை வீசிவிட்டு, புதியதில் கையை நுழைத்து வாங்கிக்கொண்டு போவார். அப்பாவின் வலது முழங்கையில் கடைசிவரை ஒரு தழும்பு இருந்தது. உருண்டை கையில் இல்லாமல் வண்டியை எடுத்த டிரைவர் ஒருத்தரைக்கூட அவர் சர்வீசில் பார்த்ததில்லையாம்.

1996-இல் நான் லேப் டெக்னீஷியனாக இருந்த பொறியியல் கல்லூரிக்கு எஃப்டிடிஐ என்ற ஃபைபர் நெட்வொர்க் வந்தது. அதை நிறுவ வந்த இளைஞர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, “இதுல டோக்கன் சுத்திக்கிட்டே இருக்கும் சார். அது யார்கிட்ட இருக்கோ அவங்கதான் பேசணும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளையம், டோக்கன் இரண்டும் எங்கள் வீட்டுச் சொற்கள். அவர் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. ஒரே கம்பியில், ஒரே வெளிச்சத்தில் பலர் பேச வேண்டுமென்றால் யார் எப்போது பேசுவது என்பதை யார் யார் எப்படியெல்லாம் யோசித்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன்.

ஆரம்பம் ஹவாய். அங்கே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நார்மன் ஆப்ரம்சனும் அவர் கூட்டாளிகளும் 1971-இல் தீவுகளில் இருந்த டெர்மினல்களை ரேடியோ வழியாக ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். வேகம் வினாடிக்கு 9600 பிட். அலோஹா என்று பெயர். விதி ரொம்ப எளிது: தோன்றும்போது அனுப்பு. பதில் வராவிட்டால் உன் பாக்கெட் வேறு யாருடையதோடோ மோதிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் திரும்ப அனுப்பு. குழாயடியில் வரிசையே இல்லாமல் குடத்தை நீட்டுகிற மாதிரி. இப்படி நடந்தால் குழாயில் வரும் தண்ணீரில் எவ்வளவு குடத்துக்குள் விழும்? ஆப்ரம்சன் கணக்குப் போட்டார்: அதிகபட்சம் 18.4 சதவீதம். மறு வருடமே லாரி ராபர்ட்ஸ், நேரத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாம் என்று ஒரு சின்ன ஒழுங்கு வைத்தார். உடனே அது இரட்டிப்பாகி 36.8 ஆயிற்று. இந்தத் துறையில் ‘செயல்திறன்’ என்று எண்ணைப் போட்டு வாதாடும் பழக்கம் இங்கேதான் தொடங்கியது.

1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் இதையே ரேடியோவிலிருந்து கேபிளுக்குக் கொண்டுவந்தார். டேவிட் பாக்ஸ் கூட இருந்து கட்டினார். ஈதர்நெட். இதில் இரண்டு நாகரிகம் கூடியது. பேசுமுன் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பது ஒன்று. பேசும்போதே இன்னொருவர் குரலும் கேட்டால் உடனே வாயை மூடிக்கொள்வது இன்னொன்று. மூடிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி முயல்வார்கள். திரும்பத் திரும்ப மோதினால் காத்திருக்கும் எல்லை, பத்தாவது மோதல் வரை, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். 16 முறை தோற்றால் கைவிட வேண்டியதுதான்.

எங்கள் கல்லூரியில் முதலில் இருந்தது இந்த ஈதர்நெட்தான். கட்டைவிரல் பருமனுக்கு மஞ்சள் கேபிள், இரண்டரை மீட்டருக்கு ஒரு கறுப்பு வளையக்குறி. அந்தக் குறியில் துளை போட்டு, பல் மாதிரி ஊசியை இறக்கி இணைப்பு எடுப்போம். துளை சரியாக விழாவிட்டால் அந்தக் கேபிளில் இருக்கும் எல்லோருக்கும் இணைப்புப் போகும். “ஈதர்நெட்டா, 37 சதவீதத்துக்கு மேல தாங்காது” என்று அப்போது ஒரு பேச்சு உலவியது. சொல்பவர்கள் பெரும்பாலும் வேறு எதையோ விற்க வந்தவர்கள். 1988-இலேயே பாக்ஸ், மோகல், கென்ட் மூவரும் நிஜமான கேபிளில் அளந்து பார்த்து, பெரிய பாக்கெட்டாக இருந்தால் கேபிளின் கொள்ளளவில் பெரும்பகுதியை ஈதர்நெட் கொடுக்கிறது என்று கட்டுரை எழுதிவிட்டார்கள். 37 என்பது அலோஹாவின் எண். அதை ஈதர்நெட்டின் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு உண்மை மறைந்திருந்தது. அது தெரிய ஃபைபர் வர வேண்டியிருந்தது.

கண்ணாடி இழையில் வெளிச்சம் ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோசெகண்ட் ஆகும். 10 மெகாபிட்டில் அனுப்பினாலும் அவ்வளவுதான், 10 கிகாபிட்டில் அனுப்பினாலும் அவ்வளவுதான். நாம் ‘வேகம்’ என்று சொல்லும்போது கூடுவது வெளிச்சத்தின் வேகமல்ல. பிட்டின் நீளம் குறைகிறது. 10 மெகாபிட்டில் ஒரு பிட் இழைக்குள் 20 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும். 100 மெகாபிட்டில் 2 மீட்டர். ஒரு கிகாபிட்டில் ஒரு சாண் அளவு. ஈதர்நெட்டின் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். 10 மெகாபிட்டில் அதன் வால் கிளம்பும்போது தலை 10 கிலோமீட்டர் போயிருக்கும். அதனால்தான் இரண்டரைக் கிலோமீட்டர் நெட்வொர்க்கின் அந்தக் கோடியில் மோதல் நடந்தாலும், நாம் பேசி முடிப்பதற்குள் அந்தச் சத்தம் திரும்பி வந்து காதில் விழுந்தது. அதே பாக்கெட் ஒரு கிகாபிட்டில் 100 மீட்டர்தான். நான் பேசி முடித்து, எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்த பிறகுதான் எங்கேயோ மோதிய செய்தியே வரும். பேசுமுன் கேட்பது என்ற நாகரிகம், கேட்பதற்கு ஆகும் நேரம் பேசுவதற்கு ஆகும் நேரத்தைவிடச் சின்னதாக இருக்கும்வரைக்கும்தான். இந்த இரண்டு நேரங்களின் விகிதத்தை ஆய்வுக்கட்டுரைகளில் ‘ஏ’ என்ற ஓர் எழுத்தால் குறிப்பார்கள். பிறகு வந்த கால் நூற்றாண்டு ஆராய்ச்சி அந்த ஓர் எழுத்தோடு போட்ட மல்லுக்கட்டு என்றே சொல்லலாம்.

ஃபைபருக்கு இன்னும் இரண்டு முரண்டு உண்டு. மஞ்சள் கேபிளில் ஊசி இறக்குகிற மாதிரி அதில் இறக்க முடியாது. கிளை எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சத்தில் ஒரு பங்கு போய்விடும். பத்துப் பதினைந்து கிளையிலேயே கடைசி ஆளுக்கு இருட்டுத்தான். சரி, எல்லோருடைய இழையையும் நடுவே ஒரு கண்ணாடி முடிச்சில் சேர்த்து, ஒருவர் விடும் வெளிச்சத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துவிடலாம் என்று 1978-இல் ராசனும் மெட்காஃபும் ஃபைபர்நெட் என்று ஒன்றைச் செய்து பார்த்தார்கள். மின்சாரமே வேண்டாத நட்சத்திரம். 150 மெகாபிட் ஓடியது. அழகான யோசனை. ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்து ஆளின் பலமான வெளிச்சம் தூரத்து ஆளின் மெல்லிய வெளிச்சத்தை முழுங்கிவிடும். மோதல் நடந்ததைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். கூட்டத்தில் பக்கத்தில் நின்று கத்துகிறவன் இருக்கும்போது கடைசி வரிசைக்காரனும் பேசுகிறான் என்று எப்படித் தெரியும்?

அப்படித்தான் வளையத்துக்கு வந்தார்கள். கிளையே வேண்டாம், ஒவ்வொரு இயந்திரமும் பக்கத்து இயந்திரத்திடம் மட்டும் பேசட்டும், வாங்கிய வெளிச்சத்தைப் புதிதாக்கி அடுத்தவருக்கு விடட்டும். டோக்கன் சுற்றட்டும். தாமிரக் கம்பியில் ஐபிஎம் 1985-இல் 4 மெகாபிட் டோக்கன் ரிங்கை விற்கத் தொடங்கியிருந்தது. ஃபைபரில் 100 மெகாபிட்டுக்கு அமெரிக்கத் தர நிர்ணயக் குழு ஒன்று பல வருடம் உட்கார்ந்து எழுதியதுதான் எஃப்டிடிஐ. டோக்கன் விதிகளைச் சொல்லும் பகுதி 1987-இல் தரமானது. எதிரெதிர்த் திசையில் இரண்டு வளையம், இரண்டு நிலையங்களுக்கு நடுவே 2 கிலோமீட்டர் வரை, மொத்தம் 500 நிலையம், 200 கிலோமீட்டர் இழை.

இதன் உயிர்நாடி ராபர்ட் குரோ 1982-இல் சொன்ன ஒரு கடிகார விதி. வளையத்தில் இருக்கும் எல்லோரும் முதலில் ஏலம் போடுவார்கள்: டோக்கன் எத்தனை மில்லிசெகண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும் என்று. குறைவாகக் கேட்டவர் சொன்னதே எல்லோருக்கும் சட்டம். பிறகு டோக்கன் கைக்கு வரும்போது ஒவ்வொருவரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சீக்கிரம் வந்திருந்தால் மிச்ச நேரத்துக்குச் சாதாரணச் சரக்கை அனுப்பலாம். தாமதமாக வந்திருந்தால் அவசரச் சரக்கு மட்டும். மற்றதை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மேலே உட்கார்ந்து யாரும் அதட்டுவதில்லை. ஆனாலும் டோக்கன் ஒரு சுற்று வர அந்த நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒருநாளும் ஆகாது என்று பிறகு கணித நிரூபணமே கொடுத்தார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “லேட்டா வந்த வண்டிக்கு வழியில தண்ணி பிடிக்க விடமாட்டோம், அதானே” என்றார். அதேதான்.

அந்தச் சுற்று நேரத்தை எவ்வளவு வைப்பது? இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டுரை வருகிறது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ராஜ் ஜெயின் 1990-இல் எழுதியது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் படித்தவர். பக்கம் பக்கமாகச் சிமுலேஷன் போடாமல், ஒரு வரிச் சூத்திரம் கொடுத்தார். வளையத்தை வெளிச்சம் ஒருமுறை சுற்ற ஆகும் நேரம், ஏலத்தில் முடிவான நேரம், பேச விரும்புபவர்களின் எண்ணிக்கை. இந்த மூன்று தெரிந்தால் போதும்.

தரம் அனுமதிக்கும் மிகப் பெரிய வளையத்தை எடுத்துக்கொள்வோம். வெளிச்சம் சுற்றி வர இழையில் ஒரு மில்லிசெகண்ட், நிலையங்களைக் கடப்பதில் இன்னொரு மில்லிசெகண்ட், ஆக 2. சுற்று நேரம் 4 மில்லிசெகண்ட் என்று வைத்தால் அதில் பாதி டோக்கனின் பயணத்துக்கே போய்விடும்; கொள்ளளவில் பாதிதான் தேறும். 165 என்று வைத்தால் கிட்டத்தட்ட 99 சதவீதம் தேறும். அப்புறம் என்ன, பெரிதாகவே வைத்துவிடலாமே? கூடாது. ஒரே நேரத்தில் 100 பேர் நிறையச் சரக்கோடு நின்றால், உங்கள் முறை வர 16 வினாடிக்கு மேல் ஆகும். கம்பி நிறைய வேலை செய்துகொண்டிருக்கும். நீங்கள் கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஜெயின் சொன்ன எண் 8 மில்லிசெகண்ட். மிகப் பெரிய வளையத்திலும் முக்கால்வாசி தேறும், 100 பேர் நின்றாலும் ஒரு வினாடிக்குள் முறை வரும். எங்கள் கல்லூரி வளையம் நாலு கிலோமீட்டர்தான். 99 சதவீதத்துக்கு மேல் தேற வேண்டும். தாளில் தேறியது.

தாளில் வராத ஒன்றைச் சொல்கிறேன். வளையத்தில் ஐந்து நிலையங்கள்: கம்ப்யூட்டர் சென்டர், நூலகம், எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், நிர்வாகக் கட்டடம். ஒரு நிலையம் செத்தால் இரு பக்கத்து நிலையங்களும் இரண்டாவது வளையத்தை முதலோடு மடித்துக் கட்டிக்கொள்ளும். பெருமையாகப் பேசப்பட்ட அம்சம் இது. ஒரு பொங்கல் விடுமுறையில் நூலக அட்டெண்டர் பொறுப்பாக மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஊருக்குப் போனார். வளையம் மடிந்தது, யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் மெக்கானிக்கல் அட்டெண்டரும் அதே பொறுப்போடு இறக்கினார். இப்போது வளையம் இரண்டு துண்டு. நடுவே மாட்டிக்கொண்ட எலெக்ட்ரானிக்ஸ் தனித்தீவு. அங்கே ஒரு பேராசிரியர் விடுமுறையிலும் வந்து உட்கார்ந்திருப்பவர். வீட்டுக்கே ஆள் அனுப்பினார்: “எல்லாருக்கும் நெட்வொர்க் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல, என்னன்னு பாருங்க.” கரும்பு கடித்துக்கொண்டிருந்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

நிலையம் செத்தால் வெளிச்சத்தைக் கண்ணாடியால் திருப்பி நேரே அடுத்தவருக்கு அனுப்பும் பைபாஸ் சுவிட்சு உண்டு. ஆனால் ஒரு தொடுப்புக்கு அனுமதித்த இழப்பே மொத்தம் 11 டெசிபல். ஒரு பைபாஸ் அதில் இரண்டு மூன்றைத் தின்றுவிடும். இரண்டு கட்டடம் அடுத்தடுத்து அணைந்தால் இழையின் நீளமும் சேர்ந்துகொள்ளும், கதை கந்தல். அதனால் நூலகத்துக்கு மட்டும் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, மற்ற இடங்களில் சுவிட்சுக்கு மேல் காகிதம் ஒட்டினேன். மெக்கானிக்கல் அட்டெண்டர் சொன்னது நியாயம்: “சார், கரண்டு பில்லு ஏறினா என்னைத்தான கேப்பாங்க?”

அந்த வளையத்தின் இழை முனைகள் பலவற்றை நான்தான் கட்டினேன். எபாக்சி பசையை ஊசியால் கனெக்டருக்குள் ஏற்றி, முடியளவு இழையை உள்ளே நுழைத்து, சின்ன அடுப்பில் காயவைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைக் கீறி ஒடித்து, தேய்க்கும் ஃபிலிமில் எட்டு எட்டாகப் போட்டுத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாம்பல் நிற வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், நிலா மாதிரி. அதில் ஒரு கீறல் குறுக்கே ஓடினால் மறுபடி எட்டு போட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முனை முடித்தால் அது நல்ல நாள்.

எஃப்டிடிஐ எழுதப்பட்ட அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நியூமன், புத்ரிகிஸ், ஹல்லெட் மூவரும் வேறு வழி பார்த்திருந்தார்கள். நகரம் முழுவதற்குமான நெட்வொர்க்குக்கு வளையச் சுற்றுக்காகக் காத்திருப்பது வீண் என்பது அவர்கள் கட்சி. எதிரெதிர்த் திசையில் இரண்டு வாய்க்கால். தலைப்பில் இருந்து 53 பைட் அளவுக் காலிக் கட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். உனக்கு ஒன்று வேண்டுமானால், எதிர் வாய்க்காலில் ஒரு சீட்டு எழுதிவிடு. மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்து உனக்காக ஒரு காலிக் கட்டத்தை விட்டுவைப்பார்கள். எல்லோரும் தத்தம் இடத்திலிருந்தே வரிசையை எண்ணிக்கொள்ளலாம். டிக்யூடிபி என்ற பெயரில் 1990-இல் இது தரமானது. கொள்ளளவில் கிட்டத்தட்ட ஒரு சொட்டுக்கூட வீணாகாத ஏற்பாடு, கணக்கில்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்ப் பாசனக்காரர் யாரையாவது கேட்டிருந்தால் இதன் கோளாறை முதல் நாளே சொல்லியிருப்பார். தலைமடைக்காரன் ஏற்கெனவே மடையைத் திறந்துவைத்து விடாமல் பாய்ச்சிக்கொண்டிருக்கிறான். கடைமடைக்காரன் எழுதிய சீட்டு ஏறிப் போக நேரமாகிறது. 150 மெகாபிட்டில் ஒரு கட்டத்தின் நீளம் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். 50 கிலோமீட்டர் வாய்க்காலில் ஒரே சமயம் 90 கட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கும். சீட்டு மேலே போய்ச் சேர்ந்து, அதற்கு விட்ட காலிக் கட்டம் கீழே வருவதற்குள் தலைமடைக்காரன் நூற்றுக்கு மேல் எடுத்திருப்பான். தூரம் கூடக்கூட அநியாயம் கூடும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஹானே, சௌத்ரி, மேக்செம்சக் ஆகியோர் இதற்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்: சில கட்டங்கள் எடுத்த பிறகு ஒன்றை வேண்டுமென்றே சும்மா விடு. கொஞ்சம் தண்ணீர் வீணாகும். ஆனால் கடைமடைக்கு வந்து சேரும். அதுவும் தரத்தில் சேர்ந்தது. தண்ணீர் பங்கிடும் எங்கள் ஊர் நீர்க்கட்டி இதை நூறு தடவை செய்திருப்பார்.

ஒரே வெளிச்சத்தைப் பங்கு போடுவதால்தானே தகராறு, ஆளுக்கொரு நிறம் கொடுத்துவிட்டால்? 1980-களின் கடைசியில் பெல்கோர் என்ற ஆய்வு நிறுவனம் 18 அலைநீளங்களோடு லாம்டாநெட் என்று ஒன்றைக் காட்டியது. ஒவ்வொருவரும் தன் நிறத்தில் அனுப்புவார், எல்லா நிறத்தையும் கேட்பார். முறை வைக்கவே தேவையில்லை. செலவுதான் கட்டாது; ஆளுக்கு 18 ரிசீவர். ஐபிஎம் 1991-இல் ஜெனீவா கண்காட்சியில் வைத்த ரெயின்போவில் 32 பேர், ஆளுக்கு 200 மெகாபிட், ஒரே ரிசீவரை நிறம் மாற்றி மாற்றி வைக்கலாம். ஆனால் நிறம் மாற்ற மில்லிசெகண்ட் கணக்கில் ஆகும். ஒரு மில்லிசெகண்டில் 2 லட்சம் பிட் போய்விடும். நீண்ட பேச்சுக்குச் சரி, நாலு வார்த்தைக்கு ஆகாது. இந்தத் துறைக்குப் பாடப்புத்தகம் எழுதிய இருவரும் ஐபிஎம்மில் ஆய்வாளர்களாக இருந்தவர்கள்: ராஜீவ் ராமசாமி, குமார் சிவராஜன். இருவருமே நம் சென்னை ஐஐடியில் படித்தவர்கள். அந்தப் புத்தகத்தை எங்கள் நூலகத்தில் வாங்க வைத்தது நான்தான் என்பதைப் பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறேன். எடுத்துப் படித்தவர்கள் மிகச் சிலர்.

இத்தனை மூளையும் சேர்ந்து செய்ததை எல்லாம் தோற்கடித்தது ஒரு மொண்ணையான யோசனை. பகிர்ந்தால்தானே சண்டை, பகிரவே வேண்டாம். 1990-இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஈதர்நெட் சுவிட்சை விற்கத் தொடங்கியது. நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜின் மனைவி பெயர் அது என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கம்பி, நடுவே பாக்கெட்டைப் பார்த்துப் பிரித்து அனுப்பும் பெட்டி. போக ஒரு ஜோடி, வர ஒரு ஜோடி என்று வைத்துவிட்டால் மோதலே கிடையாது. கேட்கவும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம். 1995-இல் 100 மெகாபிட் ஈதர்நெட் வந்தது. அதன் வெளிச்சம் விடும் பகுதியும், நாலு பிட்டை ஐந்தாக எழுதும் முறையும் எஃப்டிடிஐயிலிருந்து அப்படியே எடுத்தவை. டோக்கனை மட்டும் எடுக்கவில்லை. 1998-இல் கிகாபிட் வந்தபோது மரியாதைக்காகப் பழைய மோதல் விதியையும் சட்டத்தில் வைத்தார்கள். அப்படியே விட்டால் நெட்வொர்க் 20 மீட்டருக்குச் சுருங்கிவிடும் என்பதால் சின்னப் பாக்கெட்டுக்கு வால் ஒட்டி 512 பைட்டாக நீட்டினார்கள். அதை நிஜமாகப் பயன்படுத்தியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. 2002-இல் 10 கிகாபிட் தரத்தில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் வளையத்தைக் கழற்றியதும் நான்தான். ஒரு எஃப்டிடிஐ அட்டை வாங்கும் காசில் ஒரு லேப் முழுவதற்கும் ஈதர்நெட் அட்டை வாங்கலாம் என்றபோது 8 மில்லிசெகண்டைப் பற்றி யாரிடம் பேசுவது? தீப்பெட்டியளவு கனெக்டர்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்டோரில் வைத்தேன். எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான். யாரையும் பட்டினி போடாத, யாரையும் 16 வினாடி நிறுத்தாத ஒரு ஏற்பாடு தோற்றது விலையால், கணக்கால் அல்ல.

ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு முறை வைப்பதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன். என் அக்கா மகன் கேபிள் டிவி தொழிலிலிருந்து ஃபைபர் இணைப்புக்கு மாறியவன். போன வருடம் ஒரு மாலை வந்து, “மாமா, மேலத்தெரு முழுக்க டவுன். பவர் எல்லா வீட்லயும் மைனஸ் இருபத்தொண்ணு, சூப்பரா இருக்கு. ஆனா ஒண்ணும் வரல” என்றான்.

இப்போது வீடுகளுக்கு வரும் ஃபைபர், பழைய ஃபைபர்நெட்டின் கண்ணாடி முடிச்சேதான். போஸ்ட் மரத்துப் பெட்டிக்குள் மின்சாரம் இல்லாத ஒரு ஸ்ப்ளிட்டர். ஒரு இழை எட்டாகப் பிரியும், அந்த எட்டு மேலும் பிரியும். கீழே வரும் வெளிச்சம் எல்லோருக்கும் ஒன்றுதான். மேலே போகும்போது எல்லோரும் ஒரே இழையில் போக வேண்டும், மறுபடி அதே முறைப் பிரச்சினை. இங்கே மேலே இருக்கும் ஓஎல்டி என்ற பெட்டி ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி. வீட்டுக்கு வீடு தூரத்தை முதலில் அளந்துகொள்ளும், 20 கிலோமீட்டர் என்றால் போக வர 200 மைக்ரோசெகண்ட். பிறகு “நீ இந்த நொடித்துளியிலிருந்து இத்தனை பைட்” என்று ஓனு எனப்படும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் சீட்டுக் கொடுக்கும். வீட்டுப் பெட்டி அந்த நேரத்துக்கு மட்டும் லேசரைப் போட்டு அணைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு தேவை என்று பார்த்துப் பங்கைக் கூட்டிக் குறைப்பதற்கு இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கட்டுரைக் குவியலே வந்தது. குரோவும் ஜெயினும் அலசிய அதே கேள்விகள்தான், வேறு சட்டையில்.

டார்ச்சோடு போனேன். வீடுகளில் பெட்டியின் சிவப்பு விளக்கு எரியவில்லை. பச்சை மட்டும் விட்டு விட்டு மின்னியது. கீழே வரும் வெளிச்சம் சரி, மேலே பேச முடியவில்லை என்று பொருள். “யாரோ ஒருத்தர் வாயை மூடாம பேசிக்கிட்டிருக்காங்கடா” என்றேன். ஸ்ப்ளிட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காலாகப் பிடுங்கச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதைப் பிடுங்கியதும் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், “வந்துருச்சுண்ணே!” என்று கத்தினான்.

அந்த ஐந்தாவது வீட்டுக்குள் போனோம். பாட்டி ஒருவர் மட்டும் இருந்தார். “சீரியல் வருமா தம்பி?” என்று கேட்டார். பெட்டியிலிருந்து இழையைக் கழற்றி, அது இருந்த துளையில் பவர் மீட்டரை நேராகச் செருகச் சொன்னேன். மேலிருந்து வெளிச்சம் வராதபோது நல்ல பெட்டி வாயே திறக்கக் கூடாது. மீட்டர் ஒன்றும் காட்டக் கூடாது. பிளஸ் இரண்டு என்று காட்டியது. அசையாமல் நின்றது.

“டோக்கன் வாங்காம வண்டிய எடுத்திருக்கு” என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பையிலிருந்து வேறு பெட்டியை எடுத்து மாட்டினான். பழையதைத் திருப்பிப் பிடித்து, மார்க்கரால் அதன் முதுகில் ‘வாயாடி’ என்று எழுதி, வண்டியின் முன்கூடையில் போட்டுக்கொண்டான்.